வெறுமனே திரும்பாத சம்புடம்

எங்கள் சமையலறையில் ஓர் எவர்சில்வர் சம்புடம் இருக்கிறது. என் மாமியார் சீராகக் கொடுத்தது. பக்கவாட்டில் அவர் பெயர் வெட்டியிருக்கும். உள்ளே சர்க்கரையோ உளுந்தோ கிடையாது. மூடியைத் திறந்தால் அலறும். லேசாக நெம்பினால் முனகும். பாதி திறந்தால், குக்கர் விசில் அடிக்கும் முன் ஒரு பதற்றம் காட்டுமே, அப்படிப் பதறும். முழுக்கத் திறந்தால் கீழ்வீட்டு நாய் பதில் சொல்லும். வீட்டு வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி டீக்குச் சர்க்கரை தேடி அதைத் திறந்தாள். அன்றோடு நின்றுவிட்டாள். நானும் எவ்வளவோ காலமாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். என் எழுத்தைத் திறந்து பார்த்து யாரும் அவ்வளவு பாதிக்கப்பட்டதில்லை.

அதைச் செய்தவர் எங்கள் மேல்மாடி அக்கா. தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் நாங்கள் முதல் மாடி, அவர் இரண்டாவது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் ஏதோ ஒரு பிரிவில் அதிகாரி. தனியாக இருந்தார். காலனித் தமிழர்களுக்கு அவர் டப்பாக்கா, மற்றவர்களுக்கு டப்பாவாலி ஆன்டி. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. “பேரு பாத்திரத்துக்குத்தான் தம்பி வேணும், மாறிப் போயிரக் கூடாதுல்லா. நான் எங்க மாறிப் போகப் போறேன்?” என்பார்.

அவருக்குச் சமையல் வராது. வராது என்பதுகூட இல்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவார். ஆகவே காலனிப் பெண்கள் மாற்றி மாற்றி ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு அல்லவா, வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், ஒன்றுமில்லாவிட்டால் நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அக்கா அந்த வழக்கத்தில் மிகவும் கண்டிப்பானவர். எங்கள் வீட்டிலிருந்து வத்தக்குழம்பு போன சம்புடம் சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே பதினாலு கால் பூச்சி மாதிரி ஓர் ஐசி, நாலைந்து ரெசிஸ்டர், ஒரு பேட்டரி, வெளிச்சம் பட்டால் குணம் மாறுகிற ஒரு சிறு பொட்டு, இட்லி அளவில் ஒரு ஸ்பீக்கர். பக்கவாட்டில் துளை போட்டு ஒரு குமிழ்.

“என்னங்க, இது என்னங்க?” என்று என் மனைவி கேட்டாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. கோபத்திலும் ‘ங்க’ விடமாட்டாள்.

“சத்தம்” என்றேன்.

“சத்தம்னா? பாட்டு வருமாங்க?”

அந்தக் கேள்வியை நான் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அக்கா ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலைக் காதோரம் பென்சில் மாதிரி பிடித்தபடி யோசித்தார்.

“பாட்டு வராது. பாட்டுதான் எல்லாரும் போன்ல வச்சிருக்காகளே. இது உங்க மாமியார் சம்புடத்தோட சத்தம். வேற எங்கனயும் கிடைக்காது. பேருல ஓட்ட விழாமத்தான் துளை போட்டேன், பாத்தீகளா?”

பார்த்தேன். என் மாமியாரின் பெயருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. என் மாமியாரைப் பற்றி அப்படி ஒரு மரியாதை எங்கள் வீட்டிலேயே யாருக்கும் கிடையாது.

அவருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வார். எனக்குச் சொன்னது இது: இணையத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரப் பையன் பிஸ்கட் டின்னுக்குள் கம்பிகளை வைத்து உறுமவிட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறார். “அந்தப் பய டின்னத் தொறந்தே வச்சுக் காட்டுதான் தம்பி. மூடவே இல்ல. எனக்கு மனசு கேக்கல. சத்தம் பாதி, பெட்டி பாதி. பெட்டிய மூடாம என்ன சத்தம்?” மறுநாளே செங்கோட்டைக்கு எதிரே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பையன் செய்தது தவறு என்று நிரூபிக்கத்தான் அவர் ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். உலகத்தில் பல நல்ல காரியங்கள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

அதன்பின் அவர் கண்ணில் பட்ட எதுவும் தப்பவில்லை. ஹாட்கேஸ், தூக்குச் சட்டி, பழைய டேபிள் ஃபேனின் அடிப்பாகம், தீபாவளி ஸ்வீட் டின். ஓர் அஞ்சறைப் பெட்டி செய்தார். அதில் கடுகுக் கிண்ணம், சீரகக் கிண்ணம், மிளகுக் கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். எல்லாவற்றையும் முறுக்கினால் மே மாதத்துக் கூலர் காற்றும் மோட்டாரும் தண்ணீரும் சேர்ந்து இரைகிற மாதிரி இரையும். “மோதி பாக் ஸ்டாப்புல பஸ் பிரேக் போடும்லா, அது வேணும்னா கடுகத் திருகுங்க” என்பார். திருகினால் நிஜமாகவே காலை இழுத்துக்கொள்ளத் தோன்றும்.

காலனிப் பெண்கள் சும்மா இருப்பார்களா? எவர்சில்வரில் கொடுத்தால் ஓட்டையோடு வருகிறது என்று தெரிந்ததும், ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாக்களில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். அக்கா அதற்கும் அசரவில்லை. அவையும் உறுமிக்கொண்டே திரும்பின. ஆனால் என் மனைவியிடம் ஒரு நாள் மாடிப்படியில் மறித்துக் குறைப்பட்டுக்கொண்டார்: “பிளாஸ்டிக்குல சத்தம் சளி பிடிச்ச மாதிரி இருக்கும்மா. அடுத்த தடவ கொஞ்சம் நல்ல பாத்திரமாப் பாத்துக் குடுத்துவிடு.”

“சரிங்க்கா” என்று தலையாட்டிவிட்டு வந்தாள் என் மனைவி. வீட்டுக்குள் வந்த பிறகுதான் தான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவளுக்கு உறைத்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அக்காவின் குணமே அதுதான். அவரிடம் கொடுத்த எதுவும் வெறுமனே திரும்பி வராது. பாத்திரம் மட்டுமல்ல; மறுப்பும் அப்படித்தான். நீங்கள் ‘முடியாது’ என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினால், அவர் அதற்குள் எதையாவது வைத்து உங்களிடமே திருப்பித் தருவார்.

அவர் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் இருந்தபோது ஓர் அரிசி டின் செய்தார். இடுப்பளவு உயரம், பழைய காலத்துக் கனமான தகரம், ஊரிலிருந்து ரயிலில் வந்தது. அதில் அவர் செய்ய நினைத்தது ஒரே ஒரு சத்தம், மிகவும் தாழ்ந்த ஒன்று. காதுக்குக் கேட்பதும் உடம்புக்கு உறைப்பதும் பிரிகிற எல்லைக்கோட்டில் அது இருக்கும் என்றார். எல்லாம் செய்துவிட்டார். ஆனால் அவரிடம் இருந்தது இட்லி ஸ்பீக்கர்கள்தான். அவ்வளவு தாழ்ந்த சத்தம் அவற்றில் வராது.

“மீட்டர் வச்சுப் பாத்தா உள்ள ஓடுது தம்பி. எனக்குக் கேக்க மாட்டேங்குது. நான் செஞ்சத நானே கேட்டதில்ல.”

இதைச் சொல்லும்போது அவர் முகம், பெற்ற பிள்ளையைப் போட்டோவில் மட்டும் பார்த்தவர் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் நேராக உட்கார்ந்தேன்.

பெரிய ஸ்பீக்கர் வேண்டும். மார்க்கெட்டில் ஒரு ஸ்பீக்கர் கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினார். டின் கனம் என்பதால் அதன் உள்ளுறுப்புகளை மட்டும் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் அடைத்துக்கொண்டார். துணைக்கு நான். மெட்ரோவில் போவது என் யோசனை. அரசாங்கத்தில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அவ்வளவுதான் புத்தி. தில்லி மெட்ரோவில், பேட்டரியும் கம்பியும் வைத்த மூடிய எவர்சில்வர் பெட்டி.

ஸ்கேனர் நின்றது. காவலர் அக்காவைப் பார்த்தார்.

“மேடம், யே க்யா ஹை?”

“மசாலா டப்பா” என்றார் அக்கா. பொய்யில்லை.

“கோலியே.”

திறந்தார். வெளிச்சம் பட்டது. அது தன் கடமையைச் செய்தது. அந்த நிலையத்தில் அத்தனை காவலர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா நிதானமாக, “பாஜா ஹை பையா, பாஜா” என்று அதை வாத்தியமாக்கிச் சொல்லி, சீரகக் குமிழைத் திருகி, மிளகைக் கொஞ்சம் குறைத்து, ஒரு சிறு கச்சேரியே நடத்திக் காட்டினார். கடைசியில் ஒரு மூத்த அதிகாரி வந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இதில் பாட்டு வராதா என்று வருத்தமாகக் கேட்டார்:

“இஸ்மே கானா நஹீ பஜ்தா?”

“கானா தோ சப் பஜாதே ஹைன், பையா.”

பாட்டை எல்லோரும்தான் போடுகிறார்களே என்பதை அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, “ஆன்டிஜி, பஸ் ஸே ஜாயியே” என்றார். பஸ்ஸில் போனோம். ஸ்பீக்கர் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் இவர் திருகப் போகும் சத்தம் எவ்வளவு தாழ்ந்தது என்று கேட்டதும், விற்பனைக்கு இருக்கும் ஸ்பீக்கரின் தாள் கிழிந்துவிடும் என்று கைகூப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரும்பி வரும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மோதி பாக்கில் பஸ் பிரேக் போட்டபோது, “பாத்தீகளா, கடுகு” என்றார்.

அதற்கப்புறம்தான் அவர் பார்வை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மேல் விழுந்தது. அரங்கத்தில் இரண்டு ராட்சத ஸ்பீக்கர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஃபிரிட்ஜ் உயரம். பொங்கல் விழாவில் மேடையில் பத்து நிமிடம் வேண்டும் என்று அக்கா கேட்டார்.

நானும் விழாக் கமிட்டியில் இருந்தேன். என் பொறுப்பு நன்றியுரை. மற்றவர்கள் எழுந்து போகும்போது பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அதற்காக வருடா வருடம் என்னைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே அக்காவுக்காக நான் வாதாடினேன் என்று சொன்னால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செயலாளர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. நல்ல மனிதர். பேச்சென்றால் உயிர். “மேடம், இது இசையா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

இசைதான் என்று அக்கா சொல்லியிருந்தால் மறுக்க அவர் தயாராக இருந்தார். ‘இல்ல’ என்றதும் தடுமாறி, “அப்ப தமிழ் சம்பந்தமா ஏதாவது...?” என்று இழுத்தார். அடுத்த கூட்டத்துக்கு அக்கா இட்லிக் குண்டானில் செய்த ஒன்றோடு வந்தார். செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பயப்படுவார்கள் என்றார். அதற்கடுத்த கூட்டத்துக்கு என் மகன் உட்பட ஒரு கும்பலே வந்து ஆளுக்கொரு டப்பாவை உறுமவிட்டது. என் மகன் தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். அவனும் நானும் ஒரே வீட்டில் சமாதானமாக இருப்பதற்கு அதுதான் காரணம். அவன் கையில் டப்பாவோடு, “அங்கிள், டர் நஹீ லக்தா” என்று, தனக்குப் பயமில்லை எனச் செயலாளருக்கு உறுதி கொடுத்தான். செயலாளர் கடைசியாக, “நேரம் இல்லையே மேடம்” என்றார். அது எந்தச் சங்கத்திலும் கடைசி வார்த்தை.

அக்கா, “சரி சார்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். எனக்கு அது கவலையாக இருந்தது. அவர் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

இங்கே எங்கள் சங்கத்தின் உறுமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் செயலாளர் மைக் முன் நின்று “அன்பார்ந்த” என்று ஆரம்பித்த நேரத்தில், ஸ்பீக்கர்களிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். உரை முடியும்வரை ஓயாது. யார் யாரோ வந்து மைக்கை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள். சிலர் அது அவர் குரலின் இயல்பு என்றே நம்பினார்கள். வருடத்துக்கு ஒரு நாள் பேசக் கிடைக்கும் மனிதருக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று நினைத்துப் பாருங்கள்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு செயலாளரே அக்காவின் வீட்டுக்கு வந்தார். மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு சொன்னார்:

“மேடம், நீங்கதான் இந்தக் கரண்ட் சமாச்சாரமெல்லாம் பாக்கறீங்களே. அந்த உறுமல மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க.”

“எடுத்துத் தாரேன் சார். பதிலுக்கு எனக்குப் பத்து நிமிசம் தாங்க.”

“எதுக்கு?”

“உறுமத்தான்.”

நான் கதவருகில் நின்றிருந்தேன். ஒரு மனிதர் தன் கொள்கைக்கும் ஆசைக்கும் நடுவே இப்படித் தவித்து நான் பார்த்ததில்லை. ஆசை ஜெயித்தது.

அக்கா ஒரு நாள் போய் அரங்கத்தில் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சமையலறைவரை போனார். விஷயம் எளியது. நிகழ்ச்சி முடிந்ததும் பந்தி. பந்திக்குச் சூடான உளுந்து வடை. வடை மாவு புதிதாக அரைத்தால்தான் மொறுமொறு என்று வரும் என்பது சமையல்காரரின் சித்தாந்தம். செயலாளர் பேச ஆரம்பித்தால் அதற்குமேல் பந்திக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சமையல்காரருக்குத் தெரியும். ஆகவே ‘அன்பார்ந்த’ காதில் விழுந்ததும் வெட் கிரைண்டரைப் போடுவார். சமையலறைப் பிளக்கில் கீசர் இருந்ததால், கிரைண்டருக்கான கம்பி மேடைக்குப் பின்னாலிருந்து வந்தது, ஸ்பீக்கர்களோடு ஒரே பிளக்கில். அத்தனை வருடமும் செயலாளரோடு போட்டி போட்டு உரையாற்றியது வடை மாவு.

“நல்ல உறுமல்தான். எடுக்க மனசே வரல” என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஆனால் எடுத்துவிட்டார். மாவை விழா தொடங்கும் முன்பே அரைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

விழா நாள் வந்தது. செயலாளர் “அன்பார்ந்த” என்றார். உறுமல் இல்லை. அவர் குரல் கண்ணாடி மாதிரி அரங்கம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அவர் ஒரு கணம் நின்றார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் குரலைத் தானே கேட்டுவிட்ட மனிதர் நிறுத்துவாரா? பொங்கலின் பெருமை, உழவின் பெருமை, சங்கத்தின் பெருமை, தன் பணிக்காலத்தின் பெருமை என்று போய்க்கொண்டே இருந்தது. மேடையோரம் அரிசி டின்னோடு அக்கா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது கடைசிப் பொங்கல். கோடைக்குள் ஓய்வு, வீட்டைக் காலி செய்துகொண்டு கோவில்பட்டி. அங்கே ஃபிரிட்ஜ் உயர ஸ்பீக்கர் எங்கே கிடைக்கும்?

உரை முடிந்தபோது பந்தி மணியும் அடித்தது. ஜனவரிக் குளிரில் பசித்திருந்த தமிழர்களை அதற்குமேல் எந்தக் கலையாலும் கட்டிப்போட முடியாது. நாற்காலிகள் காலியாயின. செயலாளர் கீழே இறங்கி வந்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தமும் உண்மையான மகிழ்ச்சியும் கலந்திருந்தன.

“மேடம், மன்னிக்கணும். அடுத்த வருஷம் முதல் நிகழ்ச்சியே உங்களுதுதான்.”

“அடுத்த வருசம் நான் ஊர்ல இருப்பேன் சார்.”

“ஆளெல்லாம் சாப்பிடப் போயிட்டாங்களே.”

“நான் ஆளக் கேக்கல சார். ஸ்பீக்கரத்தான் கேட்டேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

அவர் போனார். சவுண்டுக்காரர் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

“பையா, தஸ் மினிட்.”

“ஆன்டிஜி, வடா டண்டா ஹோ ஜாயேகா.”

“ஆப் ஜாவ். மை தேக் லூங்கி.”

வடை ஆறிவிடுமே என்று அவர் தன் தொழிலையே அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அரங்கத்தில் அக்கா, டின், நான். நான் இருந்ததற்குக் காரணம் கலைத் தாகம் என்று எழுத ஆசைதான். நன்றியுரை இன்னும் பாக்கி இருந்தது.

அக்கா டின்னின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், சரியாக மூடியிருக்கிறதா என்று. கம்பியைச் செருகினார். குமிழைத் திருப்பினார். முதலில் வழக்கமான உறுமல். பிறகு அது கீழே இறங்கியது. இன்னும் கீழே. தனித்தனித் துடிப்பாக, தூரத்தில் யாரோ மெத்தையை அடிக்கிற மாதிரி. அப்புறம் காதில் ஒன்றுமே இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்தேன். என் மூக்குக் கண்ணாடி மூக்கின்மேல் நடுங்கியது. நாற்காலி என்னை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தது. அக்கா எழுந்து போய் ஸ்பீக்கரின்மேல் உள்ளங்கையை வைத்தார். கன்றுக்குட்டியைத் தொடுகிற மாதிரி.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், பந்திக் கூடத்திலிருந்து, பாத்திரங்களின் சத்தம் கேட்டது. அடுக்கி வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் அத்தனையும் ஒன்றாக, மெல்லிசாக, கிணுகிணுவென்று. அதற்குமேல் ஒரு பெண் குரல்:

“ஃபேனப் பாருங்கோ, ஃபேனப் பாருங்கோ!”

தில்லிக்காரர்களுக்கு நில அதிர்வு வந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கருவி தெரியும், ஓடாத ஃபேன். அது ஆடினால் அதிர்வு. நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். ஃபேன் ஆடியது. டம்ளர்கள் மேஜை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன. சாம்பார் வாளியில் வட்டம் வட்டமாக அலை. செயலாளர் ரசத்தைக் கையில் பிடித்தபடி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரோ “பாஹர் சலோ” என்றார்கள். மொத்தச் சங்கமும் இலைத் தட்டோடு புல்வெளிக்கு ஓடியது. வடையை யாரும் விட்டுவிட்டு ஓடவில்லை என்பதை நம் பண்பாட்டின் பெருமையாக இங்கே பதிவு செய்கிறேன்.

நான் உள்ளே ஓடிவந்தேன். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் ஸ்பீக்கரில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

“தம்பி, கேக்குதா?”

நடுங்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“காதுல கேக்கலக்கா. வயித்துல கேக்குது.”

“அதான்” என்றார். “அதான் அது.” தனக்குத்தானே, “இருக்கு” என்றார். பத்து நிமிடத்தை ஒரு நொடி விடாமல் எடுத்துக்கொண்டார். பிறகு குமிழைத் திருப்பி அணைத்து, சேலைத் தலைப்பால் டின்னின் மூடியைத் துடைத்தார்.

அதற்குள் காலனியின் கைபேசிக் குழு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மோதி பாக்கில் ஒருவருக்குக் கட்டில் ஆடியிருந்தது. நொய்டாவிலிருந்து ஒரு நண்பர் தனக்கும் தெளிவாக உணர்ந்ததாகவும், முந்தின நாளே தன் நாய் ஒருமாதிரி இருந்ததாகவும் எழுதியிருந்தார்.

எல்லோரும் ஆபத்து நீங்கிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பயந்த ஜனங்கள் கூட்டமாக உட்கார விரும்புவார்கள். ஆகவே என் வாழ்நாளில் முதல்முறையாக என் நன்றியுரைக்கு அரங்கம் நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது: நீங்கள் எல்லோரும் இப்போது ஒரு கச்சேரி கேட்டீர்கள், இதோ, இந்த அக்கா செய்தது. அவர் பக்கம் திரும்பினேன். மேடையோரத்திலிருந்து அவர் தலையை மெதுவாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், வேண்டாம் என்று ஆட்டினார். நான் சமையல்காரருக்கும் சவுண்டுக்காரருக்கும் இயற்கை அன்னைக்கும் நன்றி சொல்லி இறங்கினேன்.

“ஏன்க்கா?” என்று டின்னை ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டேன்.

“நான் செஞ்சதுன்னா, இது என்ன சங்கீதம்னு சண்டைக்கு வருவாக தம்பி. பூமி ஆடுச்சுன்னா மறுபேச்சில்லாம ஒத்துக்கிடுவாக. அப்புடியே விட்ருங்க.”

அந்த வருட ஆண்டறிக்கையில், விழாவின்போது ஏற்பட்ட லேசான நில அதிர்வையும் பொருட்படுத்தாமல் உறுப்பினர்கள் கடைசிவரை இருந்தார்கள் என்று செயலாளர் எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, “ஆமா, கடைசிவரைக்கும் இருந்தேன்” என்றார்.

கோடையில் வீட்டைக் காலி செய்தார். போவதற்கு முன் காலனி முழுக்க ஏறி இறங்கி, தன்னிடம் மிச்சமிருந்த பாத்திரங்களை ஒவ்வொரு வீட்டிலும் சேர்த்தார். ஒன்றுகூட வெறுமனே இல்லை. அவர் போன பிறகு பல வாரங்களுக்கு, சாயங்காலங்களில் எந்த வீட்டிலிருந்தாவது யாராவது தெரியாமல் மூடியைத் திறந்த அலறல் கேட்கும். வேண்டுமென்றே திறக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டில் திறப்பது யார் என்று நான் கேட்டதில்லை. என் மனைவியும் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் தில்லியில் நிஜமாகவே பூமி ஆடியது. ஃபேனைப் பார்த்துவிட்டு, செருப்பில்லாமல் நானும் மாடி இறங்கி ஓடிவந்து மரத்தடியில் நின்றேன். கைபேசி அடித்தது. கோவில்பட்டி.

“தம்பி, டிவில ஓடுது. அங்க ஆடுச்சோ?”

“ஆடுச்சுக்கா.”

“நான் இல்ல.”

“தெரியும்க்கா.”

நலம் விசாரிப்பார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு டப்பா லேசாக முனகிக்கொண்டிருந்தது.

“எப்புடி இருந்துச்சு?” என்றார்.

யோசித்தேன். அன்றைக்கு அரங்கத்தில் வயிற்றுக்குள் கேட்டதை நினைத்துப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“சுமார்தான்க்கா. உங்களுது அளவுக்கு அழுத்தம் இல்ல.”

“அழுத்தம் எப்புடி இருக்கும்?” என்றார் அக்கா. “சத்தம் நல்ல சத்தம்தான் தம்பி. மூடி இல்லாத பெட்டியால்ல இருக்கு.”